அப்டேட் குடுத்து மூடி வெச்சேன், காலைல லேப்டாப் எந்திரிக்கல. கடைக் கணக்கு மொத்தமும் உள்ள மாட்டிக்கிச்சு

ஈரோடு_ஜவுளி
வணக்கமுங்க எல்லாத்துக்கும். கொஞ்சம் அவசரமுங்க. கடை லேப்டாப், விண்டோஸ் 11 ஹோம், கம்பெனி பேரு வேண்டாம், வாரண்டி முடிஞ்சு போச்சு. நேத்து ராத்திரி கடை சாத்தறப்ப அப்டேட் அண்டு ஷட்டவுன் குடுத்துட்டு மூடி வெச்சுட்டு ஊட்டுக்கு போயிட்டேன். காலைல வந்து பவர் பட்டன அமுக்குனா சார்ஜ் லைட் எரியுது, ஃபேன் ஜோரா சுத்துது, அப்புறம் அடங்கிருது, ஸ்கிரீன் கருகும்முன்னு இருக்குது, லோகோ கூட வரல. டேலி கணக்கு, பார்ட்டி பாக்கி, பில்லு எல்லாமே அதுக்குள்ள தான். பேக்கப் பென்டிரைவ்ல இருக்குது, ஆனா அது தீபாவளிக்கு முந்தி எடுத்தது. 20ந் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போடோணும். பக்கத்துல ஒரு சர்வீஸ் கடைக்கு போன் பண்ணுனா பாக்காமயே "போர்டு போயிருச்சு, கொண்டாங்க"ங்கறாங்க. ஏனுங்க, ஒரு அப்டேட் போட்டா போர்டு போகுமா?

பழைய_புலி
அப்டேட்டே போடாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கறேன், யாரு கேக்குறா. ஓடுற மெஷின்ல கை வைக்கக் கூடாது. சர்வீசஸ்ல போயி விண்டோஸ் அப்டேட்டை டிசேபிள் பண்ணி வெச்சா இந்த தொல்லையே கிடையாது, என் சிஸ்டம் அப்படித்தான் ஓடிட்டு இருக்கு.

ரிச்சி_தெரு_டெக்
அண்ணே அந்த பஞ்சாயத்த அப்புறம் வெச்சுக்கலாம், மொதல்ல அவரு மெஷின பாப்போம்.

ஈரோடு தம்பி, எங்கேயும் தூக்கிட்டு ஓடாத. நான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல சிப்லெவல் வேலை பாக்குறேன், அப்டேட்டுக்கு அப்புறம் செத்துப்போச்சுன்னு டேபிளுக்கு வர்ற மெஷின்ல நெறைய மெஷின் சாகவே இல்ல. இத சொல்லு: கேப்ஸ்லாக் அமுக்குனா லைட் மாறுதா? கேப்ஸ்லாக் லைட்டு தானா விட்டு விட்டு எரியுதா, எத்தன தடவ எரிஞ்சு நிக்குது? எச்டிஎம்ஐ போட்டு டிவில மாட்டுனா எதாவது வருதா? இந்த மூணும் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

அதுக்குள்ள இத பண்ணு. சார்ஜர கழட்டு, பென்டிரைவ், மவுஸ், எல்லாத்தயும் புடுங்கு. பவர் பட்டன ஒரு நிமிஷம் விடாம அமுக்கி புடி, நடுவுல லைட்டு வந்தாலும் போனாலும் விடாத. அப்புறம் விட்டுட்டு சார்ஜர் மட்டும் சொருகி, ஒரே ஒரு தடவ ஆன் பண்ணிட்டு கைய கட்டிட்டு உக்காரு. கருப்பாவே இருந்தாலும் பரவால்ல, கால் மணி நேரம் தொடாத. பயாஸ்னா மெஷின் ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற போர்டு சாஃப்ட்வேர், அதோட அப்டேட் உள்ள வந்திருந்தா ராமை முதல்லேருந்து டிரெயினிங் பண்ணும், டிடிஆர்5 போர்டுன்னா பல நிமிஷம் ஸ்கிரீன்ல ஒண்ணுமே காட்டாது, தானா ஆஃப் ஆயி திரும்ப ஆன் ஆகும். ஜனங்க அந்த நேரத்துல தான் பயந்து பட்டன அமுக்கி அமுக்கி நெசமாவே கொன்னுடுறாங்க.

ஈரோடு_ஜவுளி
விண்டோஸ் அப்டேட் தானுங்களே போட்டேன், பயாஸ் எங்கிருந்து வந்துச்சு? நான் பயாஸ் பக்கமே போகலைங்க.

ஓஎம்ஆர்_அட்மின்
அதுதான் பல பேருக்கு தெரியாத விஷயம். லேப்டாப் கம்பெனிங்க இப்ப பயாஸையும் விண்டோஸ் அப்டேட் வழியாவே தள்ளுறாங்க, டிரைவர் மாதிரி லிஸ்ட்ல 'ஃபர்ம்வேர்'னு ஒரு வரி வரும், அவ்ளோதான். விண்டோஸ் அதை டவுன்லோட் பண்ணி ஓரமா வெச்சுட்டு ரீஸ்டார்ட் ஆகும்போது யுஇஎஃப்ஐ (இப்ப இருக்குற பயாஸோட பேரு) கிட்ட குடுத்துடும், யுஇஎஃப்ஐ தன்னைத் தானே எழுதிக்கும். அந்த நேரத்துல சார்ஜர் புடுங்கினாலோ பேட்டரி தீர்ந்தாலோ வம்பு. உங்க கேஸ்ல ராத்திரி சார்ஜர்ல இருந்துச்சா?

ஈரோடு_ஜவுளி
சார்ஜர்ல தான் இருந்துச்சு, ஆனா கடைல மெயின் ஆஃப் பண்ணிட்டு தானுங்க போவோம். பேட்டரி நல்லா இருக்குது, மூணு மணி நேரம் நிக்கும். கேப்ஸ்லாக் லைட்டு அமுக்குனா எரியல, தானாவும் எரியல. டிவி இல்ல கடைல. இப்ப பட்டன் அமுக்கி புடிக்கற வேலைய பண்ணிட்டு வர்றேனுங்க.

ஆடிட்டர்_ஆபீஸ்
தம்பி, 3பி பத்தி மட்டும் பதறாதீங்க. ஜிஎஸ்டிஆர்-1 பதினொண்ணாந் தேதிக்கே போட்டிருப்பீங்கல்ல? அப்போ வித்த கணக்கு போர்ட்டல்ல 3பில தானா வந்து விழுந்திருக்கும். வாங்கின கணக்கு 2பில இருக்கும். எந்த கம்ப்யூட்டர்ல இருந்து வேணா லாகின் பண்ணி ஃபைல் பண்ணலாம், உங்க டேலி திறக்கணும்னு அவசியமே இல்ல. ஐடிசி, அதாவது வாங்கினப்ப கட்டின வரிய கழிச்சுக்கறது, அத மட்டும் பில்லோட ஒப்பிட்டுப் பாக்கணும், பேப்பர் பில் கடைல இருக்கும்தானே. அப்படியே தப்பினாலும் லேட் ஃபீ ஒரு நாளைக்கு 50 ரூபா, வரி கட்ட வேண்டியிருந்தா அதுக்கு வட்டி தனி. இத சொல்றது ஏன்னா, தேதிக்கு பயந்து எவனோ ரீசெட் போடச் சொன்னான்னு போட்டு மொத்தத்தையும் அழிச்ச கிளையன்ட்ஸ நான் பாத்திருக்கேன்.

ஈரோடு_ஜவுளி
அக்கா ரொம்ப நன்றிங்க, இது தெரியாம தான் ராத்திரி பூராம் தூக்கமில்லாம போயிருக்கும். ஆர்1 போட்டாச்சுங்க.

ரிச்சி அண்ணா, உசுரு வந்திருச்சு!! பட்டன அமுக்கி புடிச்சுட்டு விட்டு, சார்ஜர் போட்டு ஆன் பண்ணுனேன், ரொம்ப நேரம் கருப்பு, அப்பறம் ஆஃப் ஆச்சு, தானா ஆன் ஆச்சு, லோகோ வந்திருச்சுங்க. ஆனா இப்ப வேற கெரகம், நீலமா ஒரு ஸ்கிரீன், பிட்லாக்கர் ரெகவரின்னு போட்டு 48 நம்பர் கேக்குது. நான் பிட்லாக்கர்னு ஒண்ணு போடவே இல்லைங்களே. கீழ 'இந்த டிரைவை ஸ்கிப் பண்ணு'ன்னு ஒரு ஆப்ஷன் இருக்குது. அமுக்கலாமுங்களா? போன்ல கேட்ட கடைக்காரரு ரீசெட் போட்டா சரியாயிரும்ங்கறாரு.

ரிச்சி_தெரு_டெக்
ஸ்கிப் அமுக்குனா ஒண்ணும் அழியாது, ரெகவரி மெனுவுக்கு போகும், ஆனா அங்க இருந்து எவனாவது ரீசெட் அமுக்கிட்டா முடிஞ்சுது. அதனால கைய எடு. ஸ்கிரீன போட்டோ புடிச்சு வெச்சுக்கோ, அதுல கீ ஐடின்னு ஒண்ணு இருக்கும், முதல் எட்டு எழுத்து முக்கியம்.

ஓஎம்ஆர்_அட்மின்
நீங்க போடலைன்னாலும் போட்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் குடுத்து முதல் தடவை செட்டப் பண்ணா, மெஷின் சப்போர்ட் பண்ணுற பட்சத்துல 'டிவைஸ் என்க்ரிப்ஷன்', அதாவது டிஸ்க்கை பூட்டி வெக்கிற வசதி, தானாவே ஆன் ஆயிடும், ஹோம் எடிஷன்லயும். விண்டோஸ் 11ல 24எச்2 வெர்ஷன் வந்த பிறகு அதுக்கான தகுதி விதிய இன்னும் தளர்த்திட்டாங்க, புதுசா இன்ஸ்டால் பண்ற பெரும்பாலான மெஷின்ல இப்ப இது உண்டு. உள்ள ஓடுறது பிட்லாக்கர் தான்.

இப்ப ஏன் கேக்குதுன்னா, டிஸ்க்கோட சாவி டிபிஎம் சிப்புக்குள்ள இருக்கு. ஒவ்வொரு தடவை பூட் ஆகும்போதும் ஃபர்ம்வேர், செக்யூர் பூட் செட்டிங் இதெல்லாம் போன தடவை பாத்த மாதிரியே இருக்கான்னு அளந்து பாத்து, ஒத்துப்போனா தான் டிபிஎம் சாவியை விடும். பயாஸ் மாறினதும் அளவு மாறிடுச்சு. பழனிக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்தவரை அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அடையாளம் தெரியாம கேட்லயே நிறுத்தி வெச்சிருக்கான், ஐடி கார்டு காட்டினா விட்ருவான், அவ்ளோதான் நடந்திருக்கு. முறைப்படி ஃபர்ம்வேர் எழுதறதுக்கு முன்னாடி விண்டோஸ் ஒரு ரீஸ்டார்ட்டுக்கு பிட்லாக்கரை நிறுத்தி வெக்கும். உங்களோடது நடுவுல சிக்கி ரெண்டு மூணு தடவை ஆஃப் ஆனதுல அந்த கணக்கு தவறியிருக்கணும்.

சில சமயம் விண்டோஸ் பக்கத்து தப்புலயே இது நடந்திருக்கு. 2024 ஜூலை மாச செக்யூரிட்டி அப்டேட் போட்ட சில மெஷின் பிட்லாக்கர் ஸ்கிரீன்ல போய் நின்னுச்சு, மைக்ரோசாஃப்டே ஒத்துக்கிச்சு. 2025 மே மாசம் விண்டோஸ் 10க்கு வந்த கேபி5058379ல திரும்ப அதே கதை, இன்டெல் வி-புரோ (vPro) பிராசசர் இருந்த மெஷின்ல, அவசரமா தனியா ஒரு பேட்ச் விட்டு சரி பண்ணாங்க.

உங்க கீ மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல ஆட்டோமேட்டிக்கா சேவ் ஆயிருக்கும். போன்ல பிரவுசர் திறந்து அக்கவுண்ட்ல லாகின் பண்ணி டிவைசஸ் பக்கம் போங்க, லேப்டாப் பேருக்கு கீழ ரெகவரி கீ பாருங்கன்னு இருக்கும்.

ஈரோடு_ஜவுளி
என்ற ஜிமெயில்ல லாகின் பண்ணி பாத்துட்டேன், அதுல ஒரு டிவைசும் இல்லைங்க. லேப்டாப் வாங்குன கடைலயே எல்லாத்தயும் செட்டப் பண்ணி குடுத்துட்டாங்க. என்ன ஐடி போட்டாங்கன்னே தெரியாது. திறக்கறதுக்கு நாலு நம்பர் பின் மட்டும் தான் எங்களுக்கு தெரியும்.

பழைய_புலி
ஹார்ட் டிஸ்க்க கழட்டி வேற மெஷின்ல மாட்டி காப்பி எடுத்துக்கோங்க. இதுக்கு போயி இவ்ளோ விளக்கமா?

நெல்லை_லினக்ஸ்
அண்ணாச்சி, அது பழைய காலம். என்க்ரிப்ட் ஆன டிஸ்க்க கழட்டி எந்த மெஷின்ல மாட்டுனாலும் பூட்டுன பெட்டியாத்தான் தெரியும், சாவி டிபிஎம்ல, டிபிஎம் அந்த போர்டுல. லினக்ஸ் பென்டிரைவ் போட்டும் பாக்கலாம், உபுண்டுல டிஸ்க்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, அது பிட்லாக்கர் டிரைவ திறக்கும், கிரிப்ட்செட்டப்னு லினக்ஸ் டூல் ஒண்ணு, அதோட 2.3ல இருந்து அந்த வசதி வந்துட்டு. ஆனா அதுவும் அதே 48 நம்பரத்தான் கேக்கும் பாத்துக்கிடுங்க. சாவி இல்லாம எவனாலயும் முடியாது.

ரிச்சி_தெரு_டெக்
இதோட இன்னொண்ணு சேத்துக்க. போர்டு மாத்தினாலும் இதே ஸ்கிரீன் தான் வரும். காசு குடுத்து புது போர்டு போட்டுட்டு, டேட்டா அப்படியே இருக்கும்னு நம்பி வந்து கீ இல்லாம நின்னவங்க எத்தன பேரு தெரியுமா. சர்வீஸுக்கு குடுக்குறதுக்கு முன்னாடி கீ கைல இருக்கணும், அது இல்லாம எந்த கடைக்காரன் போர்ட தொட்டாலும் ரிஸ்க்கு உனக்குத்தான்.

கீ எடுத்து தர்றேன்னு வாட்சாப்ல காசு கேக்குறவன் மொத்தமும் ஃபிராடு. மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டாலயே தொலைஞ்ச கீயை உண்டாக்கி தர முடியாது.

ஆடிட்டர்_ஆபீஸ்
தம்பி, செட்டப் பண்றப்ப கடைல யாரோட போன் நம்பர் குடுத்தீங்க? ஓடிபி யாருக்கு வந்துச்சுன்னு யோசிங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இதே மாதிரி, மெயில் ஐடியே இல்லாம மொபைல் நம்பர் மேல அக்கவுண்ட் ஓபன் பண்ணியிருந்தாங்க.

ஈரோடு_ஜவுளி
அக்கா!! வாங்குனப்ப அப்பா தான் கூட வந்தாரு, அவரு நம்பர் தான் பில்லுல இருக்குது. அந்த சிம்மு இப்ப குடோன்ல இருக்கற பட்டன் போன்ல கெடக்குது. ஆள அனுப்பியிருக்கேன்.

ஓஎம்ஆர்_அட்மின்
சூப்பர். லாகின் பக்கத்துல மெயில் கேக்குற இடத்துல +91 போட்டு அந்த நம்பரை அடிங்க. பாஸ்வேர்டு தெரியலைன்னா எஸ்எம்எஸ்ல கோடு அனுப்பச் சொல்லுங்க. சிம் ரீசார்ஜ் இல்லாம செத்திருக்கலாம், இன்கமிங் எஸ்எம்எஸ் வருதான்னு முதல்ல வேற போன்லேருந்து ஒண்ணு அனுப்பி பாத்துக்கோங்க, தப்பு தப்பா கோடு கேட்டுட்டே இருந்தா கொஞ்ச நேரத்துக்கு லாக் பண்ணி வெச்சுடுவான்.

லிஸ்ட்ல ஒண்ணுக்கு மேல கீ இருந்தா, ஸ்கிரீன்ல இருக்குற கீ ஐடியோட முதல் எட்டு எழுத்து எதோட ஒத்துப்போகுதோ அதை எடுங்க. எட்டு கட்டம், கட்டத்துக்கு ஆறு நம்பர். போன்ல ஒருத்தர் படிக்க ஒருத்தர் எழுதினா தப்பு வரும், அதுக்கு ஒரு செக் இருக்கு: ஒவ்வொரு ஆறு நம்பரும் 11ஆல மீதியில்லாம வகுபடும். வகுபடலைன்னா அந்த கட்டத்துல ஏதோ ஒரு நம்பரை தப்பா எழுதியிருக்கீங்க.

நெல்லை_லினக்ஸ்
இந்த 11 கணக்கு எனக்கே புதுசு, என் கீயை எடுத்து வகுத்துப் பாத்தேன், எட்டும் கச்சிதமா வருது. அருமைவே.

டூயல்பூட்_தம்பி
இடைல புகுந்ததுக்கு சாரி. என்னோடது லோகோ கூட வரல, கேப்ஸ்லாக் விட்டு விட்டு எரியுது, பட்டன் அமுக்கி புடிச்சும் பாத்துட்டேன். பயாஸ் அப்டேட் பாதில கரண்ட் போச்சு, பேட்டரி ஏற்கனவே வீக். இது போர்டு போனதா?

ரிச்சி_தெரு_டெக்
போர்டு போகல, பயாஸ் சிப்புல எழுதுனது பாதில நின்னுருக்கு. இதுக்கு கம்பெனிக்காரனே வழி வெச்சிருக்கான். எச்பின்னா வேற நல்ல கம்ப்யூட்டர்ல அவங்க சைட்டுல இருந்து உன் மாடலுக்கு பயாஸ் இறக்கி ரெகவரி பென்டிரைவ் போட்டு, மெஷின்ல சொருகி, விண்டோஸ் கீயும் பி கீயும் சேத்து அமுக்கிட்டே பவர ரெண்டு மூணு செகண்ட் அமுக்கி விடு, விண்டோஸ் பிய மட்டும் விடாத. ஒண்ணும் நடக்கலன்னா பிக்கு பதிலா வி போட்டு பாரு. டெல்லுன்னா சார்ஜர கழட்டிட்டு கன்ட்ரோல், எஸ்கேப் ரெண்டையும் அமுக்கிட்டே சார்ஜர சொருகு, ரெகவரி ஸ்கிரீன் வரும். லெனோவோல பல திங்க்பேடுக்கு அடில குண்டூசி ஓட்டை மாதிரி ஒண்ணு இருக்கும், அதுல கிளிப்பு விட்டு அமுக்குனா பேட்டரிய கழட்டி மாட்டுன எஃபெக்ட். எல்லா மாடலுக்கும் இது வேலை செய்யும்னு சொல்ல மாட்டேன், ஆனா பண்ணி பாக்க காசு ஆகாது. பேட்டரி வீக்குன்ற, சார்ஜர மாட்டியே வெச்சிரு.

இதுலயும் வரலன்னா எங்கள மாதிரி ஆளு கிட்ட வரணும். எட்டு கால் வெச்ச சின்ன சிப்பு, பெரும்பாலும் 16 எம்பி. அத கிளிப்பு போட்டோ ஊதி எடுத்தோ புரோகிராமர்ல வெச்சு எழுதுவோம். கடைய செலக்ட் பண்றப்ப இத கேளு: பழைய டம்ப்ப (சிப்புல இருக்குறதோட காப்பி) மொதல்ல படிச்சு சேவ் பண்ணிட்டு தானே எழுதுவீங்கன்னு. உன் சீரியல் நம்பர், கம்பெனி போட்டு குடுத்த விண்டோஸ் லைசென்ஸ் கீ எல்லாம் அந்த சிப்புக்குள்ள தான் இருக்கு, நெட்ல கெடச்ச வேற எவனோட டம்ப்பயோ அப்படியே எழுதுனா மெஷின் ஆன் ஆகும், ஆனா விண்டோஸ் ஆக்டிவேஷன் போயிடும், சீரியல் வேற ஒருத்தனோடது காட்டும். புது போர்டுல சில சிப்பு 1.8 வோல்ட்டு, அதுல 3.3 வோல்ட்டு சஸ்தா புரோகிராமர நேரா மாட்டுனா சிப்பு நெசமாவே காலி. யூடியூப் பாத்து வீட்ல பண்றவங்க இங்க தான் மாட்டுறாங்க.

பாக்காமயே போர்டு போச்சுன்றவன் கடைல ஏறாத. ரேட்டு ஊருக்கு ஊர் மாறும், ஆனா பயாஸ் எழுதுற கூலியும் போர்டு மாத்துற கூலியும் பக்கத்துல பக்கத்துல வராது.

ஈரோடு_ஜவுளி
தொறந்துருச்சுங்க!!!! அப்பா நம்பர்ல தான் அக்கவுண்ட் இருந்துச்சு. எஸ்எம்எஸ் வந்துச்சு. கீ ஐடி பொருந்துச்சு. தங்கச்சி படிக்க நான் அடிச்சேன், நாலாவது கட்டம் 11ல வகுபடல, திரும்ப படிக்க சொன்னா 6ஐ 8னு சொல்லியிருக்கா. டேலி தொறந்து பாத்துட்டேன், முந்தாநாள் போட்ட பில்லு வரைக்கும் பத்திரமா இருக்குது. மொதல் வேலையா பப்ளிக் யூசர் போல்டருக்குள்ள இருக்கற டேலி டேட்டா போல்டர அப்படியே வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு போட்டுட்டேன்.

அப்டேட் ஹிஸ்டரில பாத்தா ஓஎம்ஆர் அண்ணன் சொன்ன மாதிரியே ஃபர்ம்வேர்னு ஒரு வரி இருக்குதுங்க. ஒரே தொல்லை, ரீஸ்டார்ட் பண்ணுனா திரும்ப அந்த 48 நம்பரையே கேக்குது. ஒவ்வொரு தடவையும் அடிக்கோணுமா?

ஓஎம்ஆர்_அட்மின்
வேண்டாம். புது அளவை டிபிஎம் இன்னும் பதிவு பண்ணிக்கல. புரோ எடிஷன்ல கன்ட்ரோல் பேனல்ல பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணி ரெசியூம் குடுத்தா முடிஞ்சுது. ஹோம்ல அந்த பக்கம் இருக்காது. செட்டிங்ஸ், பிரைவசி அண்டு செக்யூரிட்டி, அங்க டிவைஸ் என்க்ரிப்ஷன் இருக்கும், ஆஃப் பண்ணுங்க. மொத்த டிஸ்க்கும் டிக்ரிப்ட் ஆகும், நேரம் எடுக்கும், சார்ஜர்ல போட்டு விட்ருங்க, மெயின் ஆஃப் பண்ணிட்டு போயிடாதீங்க. முடிஞ்சதும் ரெண்டு தடவை ரீஸ்டார்ட் பண்ணி பாத்துட்டு திரும்ப ஆன் பண்ணலாம். அப்ப புது கீ உருவாகும், பழையது செல்லாது, புதுசை பேப்பர்ல எழுதி பில்லோட வெச்சுக்கோங்க. ஆன் பண்றதுக்கு முன்னாடி உங்க சொந்த ஐடிக்கு மாத்திக்கோங்க.

பழைய_புலி
நல்லபடியா முடிஞ்சுது சந்தோஷம். ஆனா என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. இவ்ளோ கூத்தும் அப்டேட்னால தானே? 2018 அக்டோபர்ல விண்டோஸ் 10க்கு 1809னு ஒண்ணு விட்டான், டாக்குமெண்ட்ஸ் போல்டரையே அழிச்சுது, நிறுத்தி வெச்சான். அதே வருஷம் ஜனவரில பழைய ஏஎம்டி மெஷின் பூட்டே ஆகல. ஆப்பிள்காரன் மட்டும் யோக்கியமா, 2020ல பிக் சர் அப்டேட் போட்டு பழைய 13 இஞ்ச் மேக்புக் புரோ எத்தன பேருக்கு கருப்பு ஸ்கிரீனாச்சு.

நெல்லை_லினக்ஸ்
அண்ணாச்சி, எங்க ஆளுகளயும் விடாதீங்க. 2017 கடைசில உபுண்டு 17.10 இன்ஸ்டால் பண்ண லெனோவோ லேப்டாப்ல பயாஸ் செட்டிங்கே சேவ் ஆகாம போயிட்டு, ஒரு இன்டெல் டிரைவர் பண்ண வேலை. ஐஎஸ்ஓவையே, அதான் இன்ஸ்டால் ஃபைலையே, சைட்டுல இருந்து தூக்கிட்டாங்க. எல்லா கடைலயும் இந்த சரக்கு உண்டு.

ஓஎம்ஆர்_அட்மின்
புலி சார், நீங்க சொன்ன எல்லாமே நடந்தது தான், மறுக்கல. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, நான் ஆபீஸ்ல இருந்தேன். கிரவுட்ஸ்டிரைக்ங்கிற செக்யூரிட்டி சாஃப்ட்வேர் கம்பெனி ஒரு கன்டென்ட் ஃபைல் தள்ளினது நம்ம நேரத்துக்கு காலைல 9:39. ஒண்ணே கால் மணி நேரத்துல அவங்க திருப்பி எடுத்துட்டாங்க, ஆனா வாங்கின மெஷின் நீல ஸ்கிரீன் லூப்ல போயாச்சு, உலகம் பூரா 85 லட்சம் விண்டோஸ் மெஷின்னு மைக்ரோசாஃப்ட் கணக்கு சொல்லிச்சு. ஏர்போர்ட்ல கையால போர்டிங் பாஸ் எழுதிக் குடுத்தாங்க. சரி பண்ற வேலை என்னமோ சின்னது, சேஃப் மோடுல போயி 'C-00000291'ல ஆரம்பிக்கிற ஒரு ஃபைலை அழிக்கணும். ஆனா சேஃப் மோடுக்கு போக பிட்லாக்கர் கீ வேணும். அந்த கீ லிஸ்ட் இருந்த சர்வரும் சில கம்பெனில அதே நீல ஸ்கிரீன்ல நின்னுச்சு. மெஷின் மெஷினா போயி அடிச்சோம்.

இவ்வளவு பட்டும் நான் அப்டேட்டை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஃபைலை பூட்டிட்டு காசு கேட்ட வானாக்ரை வைரஸ் ஞாபகம் இருக்கா? 2017 மே 12. அது புகுந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் விட்டது மார்ச் 14. ரெண்டு மாசம் போடாம வெச்சிருந்தவங்க தான் மாட்டினாங்க, இங்கிலாந்துல ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா படுத்துச்சு. உங்க சிஸ்டம்ல நெட் பேங்கிங் பண்றீங்களா சார்?

பழைய_புலி
பண்றேன். சரி அதுக்கு என்ன பண்ணச் சொல்ற, அவன் தர்றத எல்லாம் அன்னிக்கே வாயில போட்டுக்கணுமா?

ஓஎம்ஆர்_அட்மின்
வேண்டாம், அங்க உங்க பக்கம் தான் நான். மாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை செக்யூரிட்டி பேட்ச் வரும், நமக்கு அது ராத்திரி. செட்டிங்ஸ்ல அஞ்சு வாரம் வரைக்கும் பாஸ் பண்ணலாம், ஹோம்லயும். நான் வீட்டு மெஷினை ஒரு வாரம் பத்து நாள் பாஸ்ல வெச்சுட்டு, எவனாவது அடி வாங்கினானான்னு பாத்துட்டு தான் போடுவேன். 'வந்த உடனே அப்டேட் குடு'ன்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அதை ஆஃப்ல வைங்க, இல்லைன்னா மாசக் கடைசில வர்ற பிரிவியூ சரக்கெல்லாம் உங்க தலைல முதல்ல டெஸ்ட் ஆகும்.

ஃபர்ம்வேர் தனி. சில கம்பெனி பயாஸ்ல விண்டோஸ் வழியா வர்ற ஃபர்ம்வேர் அப்டேட்டை நிறுத்த ஆப்ஷன் இருக்கு, டெல்லுல கேப்சூல் அப்டேட்னு இருக்கும். அதை நிறுத்திட்டு, சார்ஜர்ல போட்டு, பகல்ல, நீங்களா உக்காந்து பண்ணலாம். ஒரேயடியா மறந்துடவும் கூடாது, 2011ல குடுத்த செக்யூர் பூட் சர்டிபிகேட்டுங்க 2026 ஜூன்லேருந்து காலாவதியாக ஆரம்பிக்குது, புது சர்டிபிகேட் போடுறதுக்காக பல மாடலுக்கு பயாஸ் அப்டேட் வந்துட்டே இருக்கும்.

பழைய_புலி
அந்த பத்து நாள் பாஸ் யோசனை நல்லாருக்கு. சர்வீச திரும்ப ஆன் பண்ணி பாக்குறேன். எவ்ளோ பேட்ச் சேந்து கெடக்கோ.

ஈரோடு_ஜவுளி
ஒரு சந்தேகமுங்க. இப்ப வந்த மாதிரி லோகோ வராம போகாம, லோகோ வந்து சுத்திக்கிட்டே நின்னா என்ன பண்றதுங்க? பக்கத்து கடை மஞ்சள் மண்டிக்காரருக்கு அப்படி ஆச்சுன்னு சொன்னாரு.

ரிச்சி_தெரு_டெக்
அது இதவிட சுலபம். லோகோ வந்து சுத்துறப்ப பவர அமுக்கி அணை, ரெண்டு தடவ இப்படி பண்ணுனா அடுத்த தடவ தானா ரிப்பேர் மெனு வரும். ஆனா ஒரு மணி நேரமாவது விட்டு பாத்துட்டு பண்ணு, டிஸ்க் லைட்டு மினுக்குதுன்னா இன்னும் விடு. மெனுல டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு, அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். கடைசி குவாலிட்டி அப்டேட்ட எடுத்துடு. பெரிய வெர்ஷன் மாறியிருந்தா ஃபீச்சர் அப்டேட்ட எடு, அதுக்கு பத்து நாள் தான் டைம், அப்புறம் பழைய ஃபைல அழிச்சுடுவான். அது ஆகலன்னா சிஸ்டம் ரீஸ்டோர். ரீசெட் கடைசி.

நெல்லை_லினக்ஸ்
2025 அக்டோபர்ல அந்த ரிப்பேர் மெனுவையே கெடுத்து வெச்சாங்கல்லா, கேபி5066835. உள்ள போனா யுஎஸ்பி மவுசும் கீபோர்டும் அசையாது. ஆறு நாள்ல வேற பேட்ச் விட்டாங்க. பல லேப்டாப்ல கூட வர்ற கீபோர்டு யுஎஸ்பி இல்லாததால தப்பிச்சுது, டெஸ்க்டாப் வெச்சிருந்தவன் பாடு தான் திண்டாட்டம்.

டூயல்பூட்_தம்பி
ரிச்சி அண்ணா, விண்டோஸ் கீ பி வேலை செஞ்சுது! பயாஸ் தானா எழுதிக்கிட்டு ஆன் ஆயிருச்சு. என்னோடதுல என்க்ரிப்ஷன் ஆஃப், அதனால கீயும் கேக்கல. ஆனா உபுண்டு பூட் மெனு காணோம், சரி பண்ணலாம்னு 2022ல எழுதி வெச்ச உபுண்டு பென்டிரைவ போட்டா 'எஸ்பாட் டேட்டா ஃபெயில்ட், செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்'னு சொல்லிட்டு ஆஃப் ஆகுது. பயாஸ் இன்னும் கெட்டு கிடக்கா?

நெல்லை_லினக்ஸ்
இல்லலே, பயாஸ் நல்லாத்தான் இருக்கு. 2024 ஆகஸ்ட்ல விண்டோஸ் அப்டேட் ஒண்ணு வந்துச்சு, ஓட்டை இருந்த பழைய லினக்ஸ் பூட்லோடரெல்லாம் செக்யூர் பூட்ல ஏறாதபடி ஒரு தடை பட்டியல எழுதி வெச்சுட்டு. டூயல் பூட் மெஷின தொடாதுன்னு சொன்னாங்க, தொட்டுட்டு, அப்ப ஊரே கத்துச்சு. உன் பென்டிரைவ்ல இருக்கது அந்த பழைய பூட்லோடர். புதுசா 24.04 ஐஎஸ்ஓ இறக்கி எழுது, ஏறிரும். அதுல டிரை உபுண்டு குடுத்து உள்ள போயி கிரப்ப (அந்த பூட் மெனு புரோகிராம்) திரும்ப போட்டா மெனு வந்துரும். அது வரைக்கும் செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணுதேன்னு கெளம்பாத.

டூயல்பூட்_தம்பி
எழுதிட்டேன், பூட் ஆச்சு, கிரப்பும் வந்திருச்சு. டச்பேட் மட்டும் உபுண்டுல அசையல அண்ணே, முன்னாடி நல்லா ஓடுச்சு.

நெல்லை_லினக்ஸ்
அதுக்கு தனி இழை போடுலே, மாடல் நம்பர், கெர்னல் வெர்ஷன் ரெண்டையும் எழுது. சாப்ட்டுட்டு வந்து பாக்கேன்.